பத்து நாளில் இரண்டு ரேங்க்: கேரளத்தின் கீம் தேர்வில் மதிப்பெண் மாறாமல் இடம் மாறியது எப்படி?

2025 ஜூலை 1-ஆம் தேதி கேரளத்தின் பொறியியல் ரேங்க் பட்டியல் வெளியானது. ஜூலை 10-ஆம் தேதி மாலை, அதே தேர்வுக்கு, அதே மாணவர்களுக்கு இன்னொரு பட்டியல் வெளியானது. முதல் பட்டியலில் முதலிடத்தில் இருந்த மாணவர் இரண்டாவது பட்டியலில் ஏழாமிடம். ஐந்தாமிடத்தில் இருந்த திருவனந்தபுரம் மாணவர் முதலிடம்.

இடைப்பட்ட நாட்களில் யாரும் மறுதேர்வு எழுதவில்லை. வினாத்தாள் கசியவில்லை. விடைகளை யாரும் மறுபடி திருத்தவில்லை. ஒருவர் வாங்கிய மதிப்பெண் ஒன்றுகூட மாறவில்லை. மாறியது, பிளஸ் டூ மதிப்பெண்ணை ரேங்க்காக மாற்றும் ஃபார்முலா மட்டும்தான்.

முதல் சில ரேங்க்குகளில் இருப்பவர்களுக்கு இது பெரிய விஷயமில்லை. முதலிடமோ ஏழாமிடமோ, கேட்ட கல்லூரி கிடைத்துவிடும். ஆனால் ரேங்க் பட்டியலின் நடுப்பகுதியில் ஒன்றிரண்டு மதிப்பெண்ணுக்குள் ஏராளமான பேர் நெருக்கியடித்து நிற்பார்கள். அங்கே சில மதிப்பெண் போனால் ரேங்க் ஆயிரக்கணக்கில் சரியும். ஸ்ரீகாரியத்தில் உள்ள திருவனந்தபுரம் அரசு பொறியியல் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்குமா, இல்லை கட்டணம் கட்டித் தனியார் கல்லூரிக்குப் போக வேண்டுமா என்பது அந்தச் சில மதிப்பெண்ணில்தான் முடிவாகிறது.

சரி, அந்த ஃபார்முலாவில் அப்படி என்னதான் இருக்கிறது? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

சுருக்கமாக

• கீம் பொறியியல் ரேங்க்கில் நுழைவுத் தேர்வுக்குப் பாதி, பிளஸ் டூ மதிப்பெண்ணுக்குப் பாதி.
• பல போர்டுகளின் பிளஸ் டூ மதிப்பெண்களை ஒப்பிடக்கூடியதாக மாற்ற ஒரு சமப்படுத்தல் ஃபார்முலா உண்டு. ரேங்க் பட்டியல் வெளியான அதே நாளில், 2025 ஜூலை 1-இல், கேரள அரசு அதை மாற்றியது.
• ஜூலை 9-இல் கேரள உயர் நீதிமன்றம் அந்த மாற்றத்தை ரத்து செய்தது. மறுநாள் மேல்முறையீடும் தள்ளுபடியானது. பழைய ஃபார்முலாவில் புதுப் பட்டியல் வந்தது.
• முதல் 100 ரேங்க்கில் கேரள மாநிலப் பாடத்திட்ட மாணவர்கள் முதல் பட்டியலில் 43 பேர். திருத்தப்பட்ட பட்டியலில் 21 பேர்.

கீம் என்றால் என்ன?

கேரளத்தில் பொறியியல், ஆர்க்கிடெக்சர், மருத்துவம் உள்ளிட்ட தொழிற்படிப்புகளுக்கான மாநிலச் சேர்க்கை முறைக்குப் பெயர் கீம். இதை நடத்துவது திருவனந்தபுரத்தில் உள்ள நுழைவுத் தேர்வு ஆணையர் அலுவலகம். பெயரில் மருத்துவம் இருந்தாலும் அதற்கு இப்போது நீட் ரேங்க்தான். ஆர்க்கிடெக்சருக்கு நாட்டா தேர்வு. எனவே நடைமுறையில் கீம் தேர்வு என்று மக்கள் சொல்வது முக்கியமாகப் பொறியியலைத்தான்.

2024 முதல் இது கணினி வழித் தேர்வு. மொத்தம் 150 கேள்விகள்: கணிதம் 75, இயற்பியல் 45, வேதியியல் 30. சரியான விடைக்கு 4 மதிப்பெண். தவறானால் 1 மதிப்பெண் போகும். மொத்தம் 600.

ஆனால் ரேங்க் இதை மட்டும் வைத்துப் போடப்படுவதில்லை. 2011 முதல் பாதிக்குப் பாதி என்ற முறை நடைமுறையில் இருக்கிறது. நுழைவுத் தேர்வு மதிப்பெண் 300-க்கு மாற்றப்படும். பிளஸ் டூவில் கணிதம், இயற்பியல், வேதியியல் மதிப்பெண்கள் இன்னொரு 300. இரண்டையும் கூட்டினால் வருவதுதான் ரேங்க்குக்கான மதிப்பெண்.

இதன் நோக்கம் புரிந்துகொள்ளக்கூடியது. மூன்று மணி நேரத் தேர்வு ஒன்றை மட்டும் வைத்து ரேங்க் போட்டால், கோச்சிங் சென்டருக்குப் பணம் கட்டக்கூடிய குடும்பங்களுக்கு அது சாதகமாகிவிடும். இரண்டு ஆண்டு பள்ளியில் உட்கார்ந்து படித்ததற்கும் மதிப்பு இருக்க வேண்டும் என்பதுதான் பாதிக்குப் பாதியின் அடிப்படை.

பிளஸ் டூ மதிப்பெண்ணை ஏன் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது?

நுழைவுத் தேர்வை எல்லாரும் எழுதுகிறார்கள். பிளஸ் டூ அப்படியில்லை. கேரள ஹையர் செகண்டரி, சிபிஎஸ்இ, ஐஎஸ்சி என ஒவ்வொரு போர்டுக்கும் வேறு வினாத்தாள், வேறு திருத்தும் முறை. ஒரு போர்டில் 95 வாங்குவது சாதாரணமாக இருக்கலாம். இன்னொன்றில் 88 வாங்கவே திணற வேண்டியிருக்கலாம்.

இது கேரளத்துக்கு மட்டுமான சிக்கல் இல்லை. 2021-இல் டெல்லி பல்கலைக்கழகத்தின் சில கல்லூரிகளில் கட்-ஆஃப் 100 சதவீதத்தைத் தொட்டது. முழு மதிப்பெண் வைத்திருந்த கேரள மாநில போர்டு மாணவர்கள் கணிசமாக இடம் பிடித்தார்கள். பெரிய சர்ச்சையானது. மறு ஆண்டு, 2022-இல், க்யூட் என்ற பொது நுழைவுத் தேர்வு வந்தது. பல்கலைக்கழகமும் அதற்கு மாறியது.

ஆக, பிளஸ் டூ மதிப்பெண்ணைச் சேர்க்கைக்குப் பயன்படுத்த வேண்டுமென்றால் முதலில் அவற்றை ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவர வேண்டும். இங்கேதான் ஃபார்முலா வருகிறது. ஒரு விஷயத்தை மறக்க வேண்டாம்: கீமில் இந்தப் பாதி மதிப்பெண் முழுவதும் அந்த ஃபார்முலா வழியாகத்தான் போகிறது.

பழைய ஃபார்முலா எப்படி வேலை செய்யும்?

புள்ளியியல் படித்தவர்களுக்கு இது பழகிய கணக்கு. நீங்கள் வாங்கிய மதிப்பெண் உங்கள் போர்டின் சராசரியைவிட எவ்வளவு மேலே இருக்கிறது என்று பார்ப்பார்கள். அதை உங்கள் போர்டின் திட்ட விலக்கத்தால், அதாவது மதிப்பெண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற அளவால், வகுப்பார்கள். வரும் எண்ணை எல்லா போர்டுகளுக்கும் பொதுவான ஒரு சராசரி, ஒரு திட்ட விலக்கம் ஆகியவற்றில் பொருத்துவார்கள். அந்தப் பொதுச் சராசரி 2009 முதலான பல ஆண்டுகளின் மதிப்பெண்களைச் சேர்த்துக் கணக்கிடப்பட்டது.

கற்பனை எண்களை வைத்துப் பார்த்தால் சீக்கிரம் புரியும். ஒரு எக்ஸெல் ஷீட்டைத் திறந்து நீங்களே போட்டுப் பார்க்கலாம்.

மாநில போர்டில் கணிதத்தின் சராசரி 80, திட்ட விலக்கம் 12 என்று வைத்துக்கொள்வோம். சிபிஎஸ்இயில் சராசரி 70, திட்ட விலக்கம் 15. பொதுச் சராசரியும் விலக்கமும் அதே 70, 15.

• மாநில போர்டு மாணவி வாங்கியது 95. சராசரியைவிட 15 அதிகம். 12-ஆல் வகுத்தால் 1.25. அதைப் பொது அளவில் பொருத்தினால் 70 + 1.25 × 15 = 88.75.
• சிபிஎஸ்இ மாணவர் வாங்கியது 90. சராசரியைவிட 20 அதிகம். 15-ஆல் வகுத்தால் 1.33. பொது அளவில் 90.

95 வாங்கியவர் 88.75 ஆகிறார்; 90 வாங்கியவர் 90-லேயே நிற்கிறார். வரிசை தலைகீழ்.

இதைவிடக் கசப்பான ஒன்று இருக்கிறது. அதே மாநில போர்டில் ஒருவர் 100-க்கு 100 வாங்குகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கணக்கு: 20-ஐ 12-ஆல் வகுத்தால் 1.67, பொது அளவில் 95. இதற்கு மேல் அவரால் வாங்க முடியாது. வினாத்தாளில் இனி மதிப்பெண்ணே இல்லை. இருந்தும் 5 மதிப்பெண் போகிறது. கேரளத்தில் மாநிலப் பாடத்திட்ட மாணவர்களும் பெற்றோரும் பல ஆண்டுகளாகப் புகார் சொன்னது இதைத்தான்: "முழு மார்க் வாங்கியும் குறையுதே, இன்னும் என்ன செய்யணும்?"

மறுபக்கத்துக்கும் நியாயம் உண்டு. ஒரு போர்டில் சராசரியே 80 என்றால் திருத்துவது தாராளமாக இருக்கலாம். அந்தத் தாராளத்தை அப்படியே விட்டுவிட்டால், கறாராகத் திருத்தும் போர்டில் படித்தவர்கள் தங்கள் தவறு எதுவுமில்லாமல் பின்தங்குவார்கள். இந்த ஃபார்முலா சரிசெய்ய முயல்வது அதைத்தான்.

ஜூலை 1-இல் என்ன மாற்றினார்கள்?

இரண்டு மாற்றங்கள். இரண்டும் தனித்தனியாகவே ரேங்க்கை அசைக்கக்கூடியவை.

முதல் மாற்றம், சமப்படுத்தும் முறை. சராசரி, திட்ட விலக்கம் எல்லாம் போய்விட்டது. பதிலாக, ஒவ்வொரு போர்டிலும் ஒரு பாடத்தில் வந்த அதிகபட்ச மதிப்பெண்ணை 100 என்று வைத்து மற்றவர்களின் மதிப்பெண்ணை அதே விகிதத்தில் உயர்த்துவது. மேலே சொன்ன கற்பனை எண்களுக்கே திரும்புவோம். மாநில போர்டின் அதிகபட்சம் 100 என்றால் 95 வாங்கிய மாணவிக்கு 95 அப்படியே. சிபிஎஸ்இயின் அதிகபட்சம் 98 என்றால் 90 வாங்கிய மாணவருக்கு 91.84. இப்போது மாணவி முன்னால்.

இரண்டாவது மாற்றம், பாடங்களின் எடை. முன்பு பிளஸ் டூவில் மூன்று பாடங்களுக்கும் சம எடை. புதிய முறையில் கணிதம், இயற்பியல், வேதியியல் 5:3:2. இந்த விகிதம் எங்கிருந்து வந்தது என்று யோசித்தால் நுழைவுத் தேர்வுக்குத் திரும்பிப் போகலாம். 75, 45, 30 கேள்விகள் என்பதும் அதே 5:3:2 தான்.

இதன் தாக்கத்தையும் பார்ப்போம். ஒருவர் கணிதத்தில் 100, இயற்பியலில் 90, வேதியியலில் 80. இன்னொருவர் கணிதத்தில் 80, இயற்பியலில் 90, வேதியியலில் 100. சம எடையில் இருவருக்கும் 270. 5:3:2 எடையில் முதலாமவருக்கு 279, இரண்டாமவருக்கு 261. ஒரே மொத்தம் வைத்திருந்த இருவருக்கிடையே 18 மதிப்பெண் இடைவெளி. வேதியியலில் கூடுதலாக உழைத்தவர் அதை மார்ச் மாதமே தெரிந்துகொண்டிருந்தால் அந்த நேரத்தைக் கணிதத்துக்குக் கொடுத்திருப்பார்.

ஜூலை 1 என்ற தேதி ஏன் இவ்வளவு முக்கியம்?

காலவரிசையை ஒருமுறை பாருங்கள்.

• புராஸ்பெக்டஸில் பழைய ஃபார்முலா. அதைப் படித்துத்தான் மாணவர்கள் விண்ணப்பித்தார்கள்.
• ஏப்ரல் கடைசியில் நுழைவுத் தேர்வு. 86,549 பேர் எழுதினார்கள்.
• மே மாதம் நுழைவுத் தேர்வு மதிப்பெண் வெளியானது. பிளஸ் டூ முடிவுகளும் அதே மாதம்.
• ஜூன் 30-இல் அமைச்சரவை புதிய முறைக்கு ஒப்புதல்.
• ஜூலை 1-இல் புராஸ்பெக்டஸில் திருத்தம். அன்றே ரேங்க் பட்டியல். 76,230 பேர் தகுதி பெற்றிருந்தார்கள்; பட்டியலில் இடம்பெற்றவர்கள் 67,505 பேர்.

அதாவது ஜூன் மாத முடிவில் எல்லா எண்களும் மேசையில் இருந்தன. யார் எந்த போர்டில் எவ்வளவு, நுழைவுத் தேர்வில் எவ்வளவு என்பது அத்தனையும் பதிவாகிவிட்டது. முடிவாகாமல் இருந்தது ஃபார்முலா ஒன்றுதான். அந்தக் கட்டத்தில் ஒரு ஃபார்முலாவைத் தேர்ந்தெடுப்பது, யார் மேலே போவார், யார் கீழே வருவார் என்பதையும் சேர்த்தே தேர்ந்தெடுப்பதாக ஆகிவிடுகிறது. தேர்ந்தெடுப்பவரின் நோக்கம் நல்லதாகவே இருக்கலாம். ஆனாலும் கீழே வந்தவரிடம் "இது உனக்கு எதிராகச் செய்யப்பட்டதில்லை" என்று நம்பவைப்பது முடியாத காரியம்.

நீதிமன்றம் என்ன சொன்னது?

சிபிஎஸ்இ மாணவி ஒருவர் உள்ளிட்டோர் தொடர்ந்த வழக்கில், நீதிபதி டி.கே. சிங் ஜூலை 9-இல் தீர்ப்பளித்தார். கடைசி நேரத்தில் செய்த மாற்றம் சட்டப்படி செல்லாது. பழைய புராஸ்பெக்டஸின்படியே பட்டியலை வெளியிட வேண்டும் என்றார். அரசு உடனே மேல்முறையீடு செய்தது. மறுநாள் நீதிபதிகள் அனில் கே. நரேந்திரன், முரளி கிருஷ்ணா ஆகியோர் அமர்வு அதில் தலையிட மறுத்தது. அன்று மாலையே திருத்தப்பட்ட பட்டியல் வந்தது. ஆகஸ்ட் 14-க்குள் சேர்க்கையை முடிக்க வேண்டிய கெடு இருந்ததால் அரசு உச்ச நீதிமன்றம் போகவில்லை.

ஆனால் மாநிலப் பாடத்திட்ட மாணவர்கள் போனார்கள். ஜூலை 16-இல் உச்ச நீதிமன்றம் அந்த ஆண்டுச் சேர்க்கையில் தலையிட மறுத்தது. நடந்துகொண்டிருக்கும் சேர்க்கையில் மேலும் குழப்பம் கூடாது என்பதே அதன் கவலை.

இங்கே ஒரு தெளிவு வேண்டும். பழைய ஃபார்முலாதான் நியாயமானது என்றோ, புதியது கணக்கியல்படி தவறு என்றோ முடிவு சொல்லும் வழக்காக இது போகவில்லை. ஆட்டம் முடிந்த பிறகு விதியை மாற்றலாமா என்பதில்தான் வழக்கு நின்றது. எனவே மாநில போர்டு மாணவர்களின் அடிப்படைப் புகாருக்கு இந்தத் தீர்ப்புகளில் பதில் இல்லை. அவர்களுக்கு இரட்டை அடி. பழைய முறையில் மதிப்பெண் போனது ஒருபக்கம். அரசே வெளியிட்ட பட்டியலில் ஒன்பது நாள் இருந்த ரேங்க்கை நம்பிக் கல்லூரிக் கனவு கண்டுவிட்டு இழந்தது இன்னொரு பக்கம்.

தமிழ்நாட்டில் எப்படி?

களியக்காவிளையைத் தாண்டினால் முறை வேறு. தமிழ்நாட்டில் பொறியியலுக்கு நுழைவுத் தேர்வே கிடையாது. 1984-இல் தொடங்கிய நுழைவுத் தேர்வை, கிராமப்புற மாணவர்களுக்கு எதிரானது என்று சொல்லி நீக்க முயன்ற முந்தைய உத்தரவும் சட்டமும் நீதிமன்றத்தில் நிற்கவில்லை. பிறகு கல்வியாளர் மு. ஆனந்தகிருஷ்ணன் தலைமையிலான குழுவின் பரிந்துரைக்குப் பின் 2006-இல் புதிய சட்டம் இயற்றப்பட்டது. குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற அந்தச் சட்டத்தை 2007-இல் சென்னை உயர் நீதிமன்றம் ஏற்றது. அன்று முதல் பிளஸ் டூ மதிப்பெண்தான் எல்லாம். கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. மொத்தம் 200-க்குக் கட்-ஆஃப்.

அந்தச் சட்டத்திலேயே சமப்படுத்தலும் இருக்கிறது. மற்ற போர்டில் ஒரு பாடத்தின் அதிகபட்ச மதிப்பெண்ணை மாநில போர்டின் அதிகபட்சத்துக்கு இணையாக வைக்க வேண்டும். ஒரு போர்டில் அதிகபட்சம் 95, மாநில போர்டில் 100 என்றால், அந்த போர்டில் 76 வாங்கியவருக்கு 80. 2025-இல் கேரளம் கொண்டுவர முயன்றது ஏறக்குறைய இதே முறைதான். அதனால்தான் அதைப் பலரும் 'தமிழ்நாடு மாடல்' என்றார்கள்.

ஆனால் அந்த மாடலிலும் ஓட்டை உண்டு. எல்லா போர்டிலும் யாராவது ஒருவர் 100 வாங்கிவிட்டால் ஃபார்முலா செய்வதற்கு ஒன்றுமே இல்லை. எல்லார் மதிப்பெண்ணும் அப்படியே இருக்கும். ஒரு போர்டு தாராளமாகத் திருத்துகிறதா, கறாராகத் திருத்துகிறதா என்பதைக் காட்டுவது நடுவில் இருக்கும் லட்சக்கணக்கானவர்களின் மதிப்பெண். இந்த முறை உச்சியில் இருக்கும் ஒரே ஒருவரைத்தான் பார்க்கிறது.

பள்ளி வகையால் வரும் ஏற்றத்தாழ்வுக்குத் தமிழ்நாடு இன்னொரு வழியையும் வைத்திருக்கிறது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு: 2020-இல் மருத்துவத்துக்கு, 2021-இல் பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளுக்கு. இங்கே மதிப்பெண்ணைத் தொடவே இல்லை. இடங்களைத் தனியாக எடுத்துவைத்துவிட்டார்கள். எத்தனை இடம், யாருக்கு, ஏன் என்பது வெளிப்படையாகத் தெரியும்.

போர்டு மதிப்பெண்ணே வேண்டாம் என்றால்?

அதையும் செய்து பார்த்திருக்கிறார்கள். 2013 முதல் 2016 வரை ஜேஇஇ மெயின் ரேங்க்கில் போர்டு மதிப்பெண்ணுக்கு 40 சதவீத எடை இருந்தது. அங்கேயும் போர்டுகளைச் சமப்படுத்துவதே தலைவலி. 2017-இல் அந்த எடையை நீக்கிவிட்டார்கள். இப்போது பிளஸ் டூ மதிப்பெண் வெறும் தகுதி வரம்பு: ஐஐடி, என்ஐடி சேர்க்கைக்குப் பொதுப் பிரிவில் 75 சதவீதம், அல்லது உங்கள் போர்டின் முதல் 20 பர்சென்டைலுக்குள் இருக்க வேண்டும். அந்த 'அல்லது' கவனிக்க வேண்டியது. உங்கள் போர்டு எவ்வளவு கறாராகத் திருத்தினாலும் அதன் மேல்தட்டில் இருந்தால் போதும் என்கிறது.

ஆனால் நுழைவுத் தேர்வு மட்டும் போதும் என்ற வழியில் கோச்சிங் மீண்டும் மையத்துக்கு வந்துவிடுகிறது. தமிழ்நாடு நீட்டை எதிர்ப்பதற்குச் சொல்லும் முக்கியக் காரணங்களில் ஒன்று இதுவே.

அமெரிக்காவிலும் இதே இழுபறி. கொரோனா காலத்தில் பல முன்னணிப் பல்கலைக்கழகங்கள் சாட் தேர்வு மதிப்பெண் கட்டாயமில்லை என்றன. எம்ஐடி 2022-இல் அதை மீண்டும் கட்டாயமாக்கியது. 2024-இல் டார்ட்மவுத், யேல், பிரவுன், ஹார்வர்டு ஆகியவையும் திரும்பின. வசதி குறைந்த பள்ளியிலிருந்து வரும் திறமையான மாணவரை அடையாளம் காணத் தேர்வு மதிப்பெண் உதவுகிறது என்று எம்ஐடியும் டார்ட்மவுத்தும் வாதிட்டன. ஆனால் அந்த மதிப்பெண்ணைத் தனியாகப் பார்ப்பதில்லை. மாணவர் எந்தப் பள்ளி, எந்தச் சூழலிலிருந்து வருகிறார் என்பதோடு சேர்த்துப் பார்க்கிறார்கள்.

'தரப்படுத்தல்' என்ற சொல் ஏன் இலங்கைத் தமிழர்களுக்கு உறுத்துகிறது?

மதிப்பெண்ணைச் சமப்படுத்துவது வெறும் கணக்கு இல்லை என்பதற்கு நம் மொழியிலேயே ஒரு சாட்சி இருக்கிறது. 1970-இல் இலங்கையில் ஆட்சிக்கு வந்த ஐக்கிய முன்னணி அரசின் காலத்தில், பல்கலைக்கழகச் சேர்க்கைக்குத் தமிழ் வழியில் எழுதியவர்களுக்கும் சிங்கள வழியில் எழுதியவர்களுக்கும் வெவ்வேறு குறைந்தபட்ச மதிப்பெண் வைக்கப்பட்டது. மருத்துவத்துக்கு 400-க்குத் தமிழ் மாணவர்கள் 250 எடுக்க வேண்டும். சிங்கள மாணவர்களுக்கு 229 போதும். பிறகு மொழிவாரித் தரப்படுத்தலும் மாவட்ட ஒதுக்கீடும் வந்தன. ஒரு தலைமுறைத் தமிழ் இளைஞர்கள் அரசின் மீது நம்பிக்கை இழந்ததற்கு வரலாற்றாசிரியர்கள் சொல்லும் காரணங்களில் இதுவும் ஒன்று.

கேரளத்தில் நடந்ததும் அதுவும் ஒன்றல்ல. ஒன்று இன அரசியல், இன்னொன்று போர்டுகளுக்கிடையிலான தகராறு. ஆனாலும் ஒரு பாடம் பொது. மதிப்பெண் வாங்கியவருக்கு, அது எப்படி மாற்றப்படுகிறது என்பது முன்கூட்டித் தெரிய வேண்டும்; காரணமும் தெரிய வேண்டும். இல்லையென்றால் ஃபார்முலா எவ்வளவு நுட்பமாக இருந்தாலும் அது அநீதியாகவே பார்க்கப்படும்.

அப்படியானால் எந்த ஃபார்முலா சரி?

ஒவ்வொரு ஃபார்முலாவுக்குப் பின்னாலும் ஓர் அனுமானம் ஒளிந்திருக்கிறது. அதைக் கண்டுபிடித்தால் விவாதம் எளிதாகிவிடும்.

• சராசரி முறை: எல்லா போர்டு மாணவர்களும் சராசரியில் ஒரே திறமை உள்ளவர்கள், மதிப்பெண் வித்தியாசம் திருத்துவதால்தான் வருகிறது. ஒரு போர்டில் கற்பித்தல் உண்மையிலேயே மேம்பட்டால், இந்த முறை அதற்குத் தண்டனை கொடுக்கும்.
• அதிகபட்ச முறை: எல்லா போர்டின் முதல் மாணவர்களும் சமம். நடுவில் இருப்பவர்களைப் பற்றி இதற்குக் கவலை இல்லை.
• பர்சென்டைல் முறை: ஒவ்வொரு போர்டின் முதல் 10 சதவீதமும் ஒன்றுக்கொன்று சமம்.
• நுழைவுத் தேர்வு மட்டும்: எல்லாருக்கும் தயாராவதற்கு ஒரே வாய்ப்பு இருந்தது.

இந்த நான்கில் எதுவும் முழு உண்மை இல்லை. எனவே 'அறிவியல்பூர்வமான ஃபார்முலா' என்று ஒன்றை யாராவது சொன்னால், "எதைச் சமம்னு வெச்சுக்கிறீங்க?" என்று கேளுங்கள்.

கீமில் மட்டும் ஒரு கூடுதல் வசதி இருக்கிறது. எல்லா போர்டு மாணவர்களும் ஒரே நுழைவுத் தேர்வை எழுதுகிறார்கள். பிளஸ் டூவில் 95 வாங்கிய மாநில போர்டு மாணவர்களும் அதே 95 வாங்கிய சிபிஎஸ்இ மாணவர்களும் அந்தப் பொதுத் தேர்வில் எப்படிச் செய்கிறார்கள் என்று ஒப்பிட்டுப் பார்க்கலாம். கோச்சிங் வித்தியாசம் அதிலும் கலந்திருக்கும் என்பது உண்மைதான். ஆனாலும் போர்டுவாரிச் சராசரி, திட்ட விலக்கம், மதிப்பெண் பரவல் ஆகியவற்றைப் பெயர் இல்லாத தரவாக வெளியிட்டால், பொதுமக்களும் புள்ளியியலாளர்களும் சரிபார்க்க முடியும். "எங்கள் மார்க்கைத் திருடிவிட்டார்கள்" என்ற குற்றச்சாட்டுக்கும் "நீங்கள் தாராளமாகத் திருத்துகிறீர்கள்" என்ற குற்றச்சாட்டுக்கும் அப்போதுதான் எண்ணோடு பதில் சொல்ல முடியும்.

உங்கள் வீட்டில் யாராவது விண்ணப்பிக்கிறார்களா?

தம்பி, தங்கை, அக்கா பிள்ளைகள் யாராவது இந்த ஆண்டு எழுதுவதாக இருந்தால், கோச்சிங் விளம்பரத்துக்கு முன்னால் பார்க்க வேண்டியவை இவை:

1. புராஸ்பெக்டஸில் ரேங்க் தயாரிக்கும் பகுதி. பிளஸ் டூவுக்கு எவ்வளவு எடை, எந்தப் பாடத்துக்கு எவ்வளவு என்பது அங்கேதான் இருக்கும். முந்தைய ஆண்டு பிரதியை வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

2. திருத்த அறிவிப்புகள். புராஸ்பெக்டஸ் வந்த பிறகும் திருத்தம் வரலாம். விண்ணப்பித்த அன்று இருந்த பிரதியை டவுன்லோட் செய்து தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள். வழக்கு என்று வந்தால் அதுதான் ஆதாரம்.

3. சமப்படுத்திய மதிப்பெண். மூல மதிப்பெண்ணை வைத்து 'கிடைத்துவிடும்' என்று கணக்குப் போடாதீர்கள். கடந்த ஆண்டின் கடைசி ரேங்க்கோடு ஒப்பிடுங்கள். மதிப்பெண்ணோடு ஒப்பிட வேண்டாம். ஃபார்முலா மாறியிருந்தால் பழைய ரேங்க் ஒப்பீடும் தோராயம்தான்.

4. மதிப்பெண் பதிவேற்றம். பிளஸ் டூ மதிப்பெண்ணைக் கெடு தேதிக்குள் பதிவேற்றிச் சரிபார்ப்பது நுழைவுத் தேர்வு எழுதுவதற்குச் சமமான வேலை. ரேங்க்கில் பாதி அதுதான்.

5. இரண்டாவது கதவு. ஜேஇஇ, அண்டை மாநிலக் கவுன்சலிங் எனத் தகுதியுள்ள இன்னொரு வழியைத் திறந்து வைத்திருங்கள். ஒரே பட்டியலை நம்பி மற்ற இடங்களை விட்டுவிட்டால், 2025 ஜூலை போல ஒன்று மறுபடி நடக்கும்போது திரும்ப வழியிருக்காது.

மதிப்பெண் ஏறுவதும் இறங்குவதும் எல்லாத் தேர்விலும் உண்டு. தான் எழுதிய தேர்வில் தோற்றால் ஒரு பதினேழு வயதுப் பிள்ளை அடுத்த முறை பார்த்துக்கொள்ளும். தேர்வு முடிந்து இரண்டு மாதம் கழித்து வந்த ஒரு திருத்தத்தில் ஏறி, ஒன்பது நாளில் இறங்கினால், அந்தப் பிள்ளை அடுத்த முறை எதை மாற்றிப் படிக்க வேண்டும்? கேரளத்தின் பிரச்சினைக்கு எந்த ஃபார்முலா வேண்டுமானாலும் தீர்வாக வரட்டும். அது முதல் கேள்வித்தாள் திறக்கப்படுவதற்கு முன்பே புராஸ்பெக்டஸில் அச்சாகியிருக்க வேண்டும்.